ஓடும் வண்டியில் ஓர் அலமாரி

அன்புள்ள செண்பகத்துக்கு,

நான் சுகம்தான். உன் முழங்கால் வலி குறைந்ததா? அம்மா நேரத்துக்குச் சாப்பிடுகிறார்களா?

இந்த வாரம் எனக்குப் புதுவித வேலை. இங்கே சிங்கப்பூரில், தெம்பனிஸ் பக்கம், டானியலா என்கிற தமிழ்ப் பெண், மலேசியா சுற்றிவர ஒரு வேனையே வீடாக மாற்றுகிறார். உள்ளே அலமாரி அடிப்பது நான். வீட்டுக்குச் செய்வதுபோல ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து மாட்டினேன். சாங்கிப் பக்கம் ஓட்டிப் பார்த்தோம். முதல் வளைவிலேயே கதவெல்லாம் திறந்துகொண்டு, ஒரு மைலோ டின் என் தலையைப் பதம் பார்த்தது. சின்ன வீக்கம்தான், பயப்படாதே.

“அண்ணே, இது ஓடுற வீடு லா! கதவுக்கு லாக் வேணும்” என்று டானியலா சிரித்தார். ஆடுகிற வண்டிக்குள் எதுதான் மட்டம் என்று இன்னும் யோசிக்கிறேன்.

பூட்டு போட்டு முடித்ததும், மேல்தட்டைக் கொஞ்சம் இறக்கச் சொன்னார். எவ்வளவு என்று கேட்டேன். கையைத் தூக்கிக் காட்டினார். பென்சிலால் கோடு போட்டேன். உன் கை எதுவரை எட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை, செண்பகம்.

நம் வீட்டுச் சமையலறைச் சுவரோரம் நின்று கையைத் தூக்கி, கோடு போட்டு, அளவை எழுதி அனுப்பு. குதிகாலைத் தூக்காதே. எங்களை வேலைக்கு ஏற்றிப்போகும் லாரி ஹாரன் அடிக்கிறது, கிளம்புகிறேன். சுவரில் இருக்கும் கோட்டை மட்டும் நான் வரும்வரை அழித்துவிடாதே.

மருதப்பன்