எட்டுப் பாவாடைகளும் பலகையில் ஒருத்தியும்

ஜனவரி 11

அன்புள்ள சித்திக்கு,

நான் நலம். விடுதிச் சாப்பாட்டைப் பற்றி எழுதினால் நீங்கள் அழுவீர்கள், அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

ஒரு உதவி வேண்டும். எங்கள் ஆடை வடிவமைப்புப் படிப்பில் இந்த வருடம் பரீட்சைக்குப் பதிலாக ஒரு கலெக்‌ஷன் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். ஒரே வகை ஆட்களுக்காக, ஒன்றோடொன்று சேருகிற மாதிரி எட்டு உடுப்புகள். யார் வாங்குவார்கள், அவர்களுக்கு உடுப்பில் என்ன தொந்தரவு, எதற்காகக் கடைக்கு வருவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகுதான் பென்சிலையே தொட வேண்டும். வகுப்பில் எல்லோரும் கல்லூரிப் பெண்களுக்குத் தைக்கிறார்கள். நான் மட்டும் "ஐம்பது தாண்டினவங்களுக்கு" என்று கையைத் தூக்கிவிட்டேன். தூக்கின பிறகுதான் தெரிந்தது, அவர்களைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது என்று.

எனக்குத் தெரிந்த ஐம்பது தாண்டினவர்களில் வாய் ஓயாதவர் நீங்கள்தான். உடுத்துவதில் உங்களுக்கு எரிச்சல் தருவது எது? எதை வாங்கி மூலையில் போட்டீர்கள்? எதையும் விடாமல் எழுதுங்கள்.

அம்மா இன்னும் உங்கள் பேச்சை எடுத்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். என் அண்ணன் கல்யாணத்துக்குத் தன் கூடப்பிறந்த தங்கையே வரவில்லை என்பதை அவளால் விழுங்க முடியவில்லை.

உங்கள் வாலு

*

சாமி துணை
ஜனவரி 19

என் வாலுக்குட்டிக்கு,

இங்க எல்லாரும் சௌக்கியம். உன் சித்தப்பா குறட்டை மட்டும் நாளுக்கு நாள் வளருது. போன்லயே சொல்லிடுவேன், ஆனா போன் எடுத்தா போதும், அந்த மனுஷனுக்குக் காது முழம் முழமா நீண்டுடும். அதான் கடுதாசி.

வாய் ஓயாதவளா நானு? இரு, இந்தத் தடவ எழுத வராம மூணு தாள கிழிச்சுப் போட்டேன். சாமி படத்துக்கு முன்னாடி உக்காந்து, என்ன ஆனாலும் ஆகட்டும்னு எழுதறேன்.

எனக்கு ஒண்ணுக்கு அடக்க முடியலடி. இருமினா போச்சு, தும்மினா போச்சு, சிரிச்சா கேக்கவே வேணாம். நான் சிரிக்காம இருக்கற ஆளா சொல்லு? பாவாடைக்குள்ள பழைய துண்ட மடிச்சு வெச்சுக்கறேன். அது நகந்து நகந்து எங்கயோ போயிடும். வெளிர் கலர் சீலையெல்லாம் பீரோவுல தூங்குது. காலைல டீய நிறுத்திட்டேன். பிரார்த்தனைக் கூடத்துல முன் வரிசைல உக்காந்து பாடினவ, இப்ப கதவோரமா உக்காந்துக்கறேன், எந்திரிச்சு ஓட வசதியா. "பக்தி கொறஞ்சு போச்சு இவளுக்கு"ன்னு என் காதுபடவே பேசறாளுங்க. சாமிக்குத் தெரியும், விடு.

டாக்டர்கிட்ட போனியான்னு கேப்ப. போனேன். உள்ள பாத்தா ஆம்பள டாக்டர். தலைவலின்னு சொல்லி மாத்திரை வாங்கிட்டு வந்துட்டேன்.

உங்கண்ணன் கல்யாணத்துக்கும் அதான். காய்ச்சல்னு சொன்னது பொய். பகல் பூரா பஸ்ஸு, அதுவும் சம்பந்தி வீட்டு ஆளுங்களோட. எத்தன தடவ வண்டிய நிறுத்துங்கன்னு கேப்பேன்? சீட்டு நனஞ்சு போனா உங்கம்மா அவங்க முன்னாடி தல நிமிர முடியுமா? பொட்டியெல்லாம் கட்டி வெச்சுட்டு, கெளம்பற அன்னிக்குக் கட்டில்ல குப்புறப் படுத்து அழுதேன்.

உங்கம்மாகிட்ட மூச்சு விடாத. எங்கக்கா நல்லவதான், ஆனா அவ வாய்க்கு மைக்கே வேணாம். உனக்கு உதவும்னு சொல்லிட்டேன். படிச்சுட்டுக் கிழிச்சுப் போட்டுடு.

சாமி உன்னக் கைவிடாது.

சித்தி

*

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

உங்கள் கடிதத்தை மறுபடி மறுபடி படித்தேன். சொன்னபடி கிழித்துவிட்டேன். ஆனால் மனதிலிருந்து கிழிக்க முடியவில்லை.

எட்டும் இப்போது உள்பாவாடைகள்தான். உள்ளே உறிஞ்சுகிற துணி சேர்த்துத் தைத்தவை. வீட்டுக்கு, பயணத்துக்கு, தூங்க, விசேஷத்துக்கு என்று எட்டு விதம். ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். போட்டுப் பார்த்துச் சொல்லுங்கள்.

டீச்சருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்கள் வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காகத் தைக்கிறோமோ அப்படி ஒரு ஆளைக் கற்பனை செய்து, அவளைப் பற்றிப் பெரிய பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். நான் முதலில் "வயது ஐம்பத்து நாலு, குடும்பத் தலைவி" என்று எழுதினேன். "இப்படி ஆயிரம் பேர் இருக்காங்க, எனக்கு ஒருத்தி வேணும்" என்றார் டீச்சர். டீ நிறுத்தினதை எழுதினேன். "இன்னும்" என்றார். கதவோரம் உட்கார்வதை எழுதினேன். "இன்னும்." கடைசியில் அக்கா மகன் கல்யாணத்துக்குப் போகாததையும், டாக்டரிடம் தலைவலி என்று சொன்னதையும் எழுதி ஒட்டினேன். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த வகுப்பே எழுந்து வந்து படித்தது. கதவோரத்து அம்மா என்று அவளுக்குப் பெயரே வைத்துவிட்டார்கள்.

மார்ச் 20 கண்காட்சி. பெரிய துணிக்கடைக்காரர்கள் வந்து மதிப்பெண் போடுவார்கள். வீட்டிலிருந்து ஒருவரை அழைக்கலாம். அம்மா வருகிறாள்.

உங்கள் வாலு

*

பிப்ரவரி 16

அடியே,

கோவத்துல எழுதறேன். எழுத்து கோணிக்கிட்டுப் போனா நீயே தடவிப் படிச்சுக்கோ.

கற்பனை பண்ண ஆளா அது? கற்பனைன்னா உனக்கு வேற வீட்டுப் பொம்பள கெடைக்கலயா? கிழிச்சுப் போடுன்னு சொன்னத கிழிச்சுட்டு, அத விடப் பெருசா எழுதி செவுத்துல ஒட்டியிருக்க. கிழிச்ச லட்சணம் இதுதானா?

பேர் போடலன்னு சொல்லுவ. உங்கம்மாவுக்குப் பேர் வேணுமா? கல்யாணத்துக்கு வராத தங்கச்சி அவளுக்கு எத்தன பேரு? அந்த ரெண்டு வரியப் படிச்சதும் நடுக் கூடத்துல நின்னு, "இது எந்தங்கச்சி"ன்னு சொல்லுவா. சத்தமா சொல்லுவா. கடைக்காரங்க, உன் கூடப் படிக்கற புள்ளைங்க, எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க. நான் அங்க இல்லாமலே எல்லார் முன்னாடியும் நனஞ்சு நிப்பேன். போதுமா உனக்கு?

தம்பட்டம் அடிக்கறதுக்கா உங்கிட்ட சொன்னேன்? அந்தப் பலகைய எடு. உம் படிப்பு எனக்கும் முக்கியந்தான், ஆனா அது எம் மானத்து மேல ஏறி நிக்க வேணாம்.

பாவாடை வந்துச்சு. கோவமா இருந்தாலும் சொல்ல வேண்டியதச் சொல்லணும். வேணும்னே இருமிப் பாத்தேன், மூக்குல துணியத் திரிச்சு விட்டுத் தும்மிப் பாத்தேன். தாங்குச்சு. ஆனா உள்ள என்னத்தையோ வெச்சுத் தெச்சிருக்க, நடந்தா சலசலங்குது. எல்லாரும் கண்ண மூடி சாமி கும்பிடற நேரத்துல நான் எந்திரிச்சா, கடைப்பை ஒண்ணு தானா நடந்து போற மாதிரி இருக்கும். இடுப்புல எதுக்கு நாலு கொக்கி? அவசரத்துக்கு ஓடறவ கொக்கியோட குஸ்தியா போடுவா?

பலகைய எடுத்துட்டேன்னு எழுதற வரைக்கும் எனக்குக் கடுதாசி போடாத.

சித்தி

*

மார்ச் 3

அன்புள்ள சித்திக்கு,

எடுத்துவிட்டேன்.

உங்களைக் கேட்காமல் ஒட்டியது தப்பு. "இன்னும், இன்னும்" என்று டீச்சர் கேட்கக் கேட்க உண்மையாகவே எழுதிக்கொண்டு போனேன். பொய் எழுதினால் அவர் கண்டுபிடித்துவிடுகிறார், சித்தி. ஆனால் அது உங்கள் உண்மை, என்னுடையது இல்லை.

பலகையில் இப்போது ஒரு வங்கி அதிகாரி இருக்கிறாள். நிறையப் பயணம் போகிறவள், சுத்தத்தை விரும்புகிறவள். டீச்சர் படித்துப் பார்த்துவிட்டு, "இவளுக்கு எதுக்கு இந்தப் பாவாடை? நேத்து வரைக்கும் உயிரோட இருந்தவள ஏன் சாகடிச்ச?" என்றார். அவள் இல்லாவிட்டால் கடைக்காரர்கள் கண்ணுக்கு இவை வெறும் எட்டு உள்பாவாடைகளாம். தேறுவது கஷ்டம் என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். ஏன் மாற்றினேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

டீச்சர் மறுபடி கேட்டால் எந்த நிமிடத்தில் பழையதை ஒட்டிவிடுவேனோ என்று எனக்கே பயம். அதனால் அம்மாவையும் வர வேண்டாம், இடமில்லை என்று சொல்லிவிட்டேன். "ஓ, நீயும் உன் சித்தி மாதிரி ஆயிட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

சலசலப்பையும் கொக்கிகளையும் எடுத்துவிட்டேன். பழைய பருத்தியை அடுக்கித் தைத்து, இடுப்புக்கு எலாஸ்டிக் கொடுத்திருக்கிறேன்.

உங்களிடம் எதையும் கேட்க எனக்கு முகமில்லை. வங்கி அதிகாரியோடுதான் நிற்பேன். தேறாவிட்டால் அடுத்த வருடம் மறுபடி செய்துகொள்கிறேன்.

உங்கள் வாலு

*

சாமி துணை
மார்ச் 12

வாலு,

உன் கடுதாசி வந்ததுலேர்ந்து சோறு எறங்கல. அந்த வங்கிக்காரி வேற வந்து வந்து நிக்கறா எங்கண்ணு முன்னாடி. அவளும் நெஜமா இருந்தா யார்கிட்டயோ தலைவலின்னுதான் சொல்லியிருப்பா.

எங்கிட்ட எதயும் கேக்க மாட்டேன்னு எழுதியிருந்த பாரு, அதான் என்னப் போட்டு அறுத்துடுச்சு. பழைய பலகையவே மாட்டுன்னு சொல்ல நெனச்சேன், ஆனா உங்கம்மா ஒரு செவுத்தப் படிச்சு என்னத் தெரிஞ்சுக்க வேணாம்னு சாமியக் கும்பிட்டுட்டு, போனோட குளியலறைக்குள்ள போய்க் கதவ சாத்தினேன். குழாயத் தெறந்து விட்டுட்டேன், உன் சித்தப்பா காதுக்காக.

மொத தடவ எடுக்கல. அடுத்த தடவ எடுத்து, "யாரு?"ங்கறா. என் நம்பர் தெரியாதாம்!

"உன் கூடப்பொறந்தவ."

"அப்பிடி ஒருத்தி எனக்கு இருக்காளா?"

"அக்கா, திட்டறத அப்புறம் திட்டு. நான் சொல்லி முடிக்கற வரைக்கும் வாயத் தொறக்காத, அப்புறம் எனக்குத் தைரியம் வராது"ன்னேன். சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். பஸ்ஸு, சம்பந்தி, பொய்க் காய்ச்சல், உன் பலகை, எல்லாம்.

அப்புறம் சொல்றா, "எனக்குத்தான் சக்கர வியாதின்னு சொல்லி நானே வண்டிய நிறுத்தியிருப்பேனேடி. நூறு தடவ நிறுத்தியிருப்பேன்."

நான் அழுதுட்டேன். சரி, தீந்துச்சுன்னு நெனச்சேன். அப்பதான் கேட்டா, "எம்பொண்ணுகிட்ட சொல்ல வாய் வந்துச்சு. எங்கிட்ட வரலயா உனக்கு?"

கேட்ட கையோட அவ போன வெச்சுட்டா. அப்புறம் எத்தன தடவ அடிச்சாலும் எடுக்கல.

அந்த வங்கிக்காரிய எறக்கிட்டு என்னயே மாட்டு. டீ, கதவோரம், தலைவலி, கல்யாணம், எதயும் கொறைக்காத. நாலு பொம்பளைங்க அதப் படிச்சுட்டு, கேக்கக் கூச்சப்படாம கடைக்குள்ள போகட்டும். உன்மேல கோவம் இன்னும் போகல, அது பாட்டுக்கு இருக்கும். கேக்காம எடுத்த, இப்ப நானாக் குடுக்கறேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.

உங்கம்மாகிட்ட இன்னிக்கே பேசு. இடம் இருக்கு, வான்னு சொல்லு. வருவாளா மாட்டாளா, எனக்குத் தெரியல. வந்தா, அந்தப் பலகை முன்னாடி அவளத் தனியா விடு. படிச்சு முடிக்கற வரைக்கும் பக்கத்துல போய் நிக்காத. அவ கண்ணத் தொடைக்கறத யாராவது பாத்துட்டா அவளால தாங்க முடியாது.

சித்தி