அந்த அரத்தின் பெயர்

இன்று காலை முன்னறையில் மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "ஏனுங்க, மொதல்ல சைல்ட கில் பண்ணிப்போடுங்க. பேரண்ட்ட கில் பண்ணுனா சைல்டெல்லாம் ஆர்ஃபனாயிருமுங்க." கீரை ஆய்ந்துகொண்டிருந்த என் கை நின்றுவிட்டது. இவ்வளவு மரியாதையாக யாரைக் கொல்லச் சொல்கிறாள் என்று விளங்கவில்லை.

பேசி முடித்ததும் கேட்டேன். சிரித்தாள். கம்ப்யூட்டரில் ஒரு வேலை இன்னொரு வேலையைத் தொடங்கிவைத்தால், முதலாவது பெற்றோராம், அடுத்தது பிள்ளையாம், பெற்றோர் முந்தி நின்றுபோனால் பிள்ளை அநாதையாம். நிறுத்துவதற்குத்தான் கொல்வது என்று பெயராம்.

"ஆபீசுலயும் இப்படியேதான் பேசுவியா கண்ணு?"

"பழகிப்போச்சுங்க மாமா. பக்கத்து டீம் அக்கா ஒருத்தர் மட்டும் நாங்க இதப் பேச ஆரம்பிச்சா எந்திரிச்சு வெளிய போயிருவாங்க. என்னத்துக்குன்னு தெரியலீங்க."

அதைக் கேட்டதிலிருந்து உங்களோடு பேச வேண்டும்போல் இருக்கிறது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது. ஆனாலும் கேட்க வேண்டிய ஆள் நீங்கள்தான்.

தொழிற்பயிற்சி நிலையத்தில் நம் அறைக் கூரை ஒழுகத் தொடங்கிய மழைக்காலம் நினைவிருக்கிறதா? ஃபிட்டர் பிரிவு வாத்தியாரான உங்களுக்கும் தொழிற்கணக்கு நடத்திய எனக்கும் அலுவலக அறையிலேயே மேசை போட்டுக்கொடுத்தார்கள். இரும்பு பீரோவுக்கு ஒரு பக்கம் நான். மறுபக்கம் நீங்களும் தட்டச்சுக்கு வந்திருந்த செல்வியும். அவளுக்கு வருடா வருடம் நீட்டிப்பு வாங்க வேண்டிய தற்காலிக வேலை.

பட்டறைக்கு வேண்டிய சாமான் பட்டியலை நீங்கள் சொல்லச் சொல்ல அவள் அடித்தாள். சுத்தியல், உளி, வைஸ் என்று போய் அரத்துக்கு வந்தீர்கள். "ஃப்ளாட் ஃபைல், பத்து இஞ்சு, பாஸ்டர்ட்." தட்டச்சுச் சத்தம் நின்றது. அவளுக்குச் சொல் புரியவில்லை என்று நினைத்து, வகுப்பில் விளக்குவது போலவே விளக்கினீர்கள்.

"பயந்துக்காத அம்மணி, கெட்ட வார்த்தை இல்ல. பல்லு ரொம்ப முரடும் கெடையாது, நைசும் கெடையாது. ரெண்டுக்கும் நடுவால பொறந்தது. அப்பன் பேரு தெரியாத அரம்னு வெச்சுக்க."

சிரிப்பு எழுந்தது. பிறகு தட்டச்சுச் சத்தம் தொடர்ந்தது.

சாமான் வந்தபோது பத்து இஞ்சு அரம் அத்தனையும் நைஸ் அரம். இரும்புக் கட்டியை அதை வைத்து ராவினால் நாள் முழுக்கத் தேய்த்தாலும் ஒரு நூல் குறையாது. பூசணிக்காயை விரல்நகத்தால் சீவுவது மாதிரி. செய்முறைத் தேர்வுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. பட்டியலின் நகலை எடுத்துப் பார்த்தீர்கள். 'பாஸ்டர்ட்' இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. ஏன் என்று கேட்டதற்கு அவள் வாய் திறக்கவில்லை. முதல்வருக்குப் புகார் எழுதினீர்கள். அவளுடைய நீட்டிப்பு முடிவாகும் மாதம் அது.

அன்று மதியம் செல்வி பீரோவைச் சுற்றி என் மேசைக்கு வந்தாள். "எனக்கு அம்மா மட்டுந்தானுங்க சார். பள்ளிக்கூடத்துல இருந்து எந்த பாரத்துலயும் தகப்பனார் பேருன்னு வந்தா கோடு போட்டுத்தான் குடுப்பேன். இதுலயும் கையி தானாப் போட்டுருச்சுங்க. தப்புத்தான். அவருகிட்டச் சொல்லிப்போடாதீங்க சார். இந்த வேலை போச்சுன்னா வேற இல்லீங்க."

சாயங்காலம் உங்களைப் பிடித்தேன். "அந்தப் புகாரைக் குடுக்காதீங்க."

"என்னத்துக்குங்க? பசங்க எதை வெச்சு ராவுறது?"

"கேக்காதீங்க. என்னால சொல்ல முடியாது."

"கணக்கு வாத்தியாரு விடைய மட்டும் சொல்றீங்க, வழியக் காட்ட மாட்டீங்களா?" என்று முறைத்தீர்கள். ஆனால் காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். அது முதல்வர் மேசைக்குப் போகவே இல்லை. செல்விக்கு நீட்டிப்பு கிடைத்தது. துடியலூரில் தெரிந்த பட்டறைகளில் கேட்டுக் கேட்டுத் தேர்வுக்கு அரம் இரவல் வாங்கி வந்தீர்கள்.

எனக்குக் குழப்பம் அதற்குப் பிறகுதான். அடுத்த பட்டியலை நீங்களே கையால் எழுதிக் கொடுத்தீர்கள். அதில் 'நடுவெட்டு அரம்' என்றிருந்தது. அப்படி ஒரு பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லை. என்ன சாமான் என்று விற்பவர் உங்கள் செல்போனில் கூப்பிட்டபோது, மழையில் வராந்தாவின் கோடிவரை போய் நின்று பதில் சொல்லிவிட்டு நனைந்து திரும்பினீர்கள். பட்டறையில் பையன்களுக்குப் பழைய பெயரைத்தான் கற்றுக்கொடுத்தீர்கள். அது இல்லாமல் எந்தக் கம்பெனியிலும் அவர்களால் பிழைக்க முடியாது. அலுவலக அறைக்குள் மட்டும் அந்தச் சொல் உங்கள் வாயிலிருந்து மறுபடி வரவில்லை.

உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? இல்லை, என் முகத்துக்காகவா? அந்தச் சொல்லால் மறுபடி வம்பு வேண்டாம் என்றா? ஓய்வு பெற்ற பிறகு எத்தனை நாள் ஒன்றாக டீ குடித்தோம். நானும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை.

உங்கள் காரியத்துக்குச் செல்வி வந்திருந்தாள். இப்போது கணபதிப் பக்கம் ஒரு கம்பெனியில் மேலாளர். தலை பாதி நரைத்துவிட்டது. பந்தலுக்கு வெளியே என்னைத் தனியாக அழைத்துப்போய்க் கேட்டாள்.

"நீங்க அவருகிட்டச் சொல்லிப்போட்டீங்களா சார்?"

"இல்ல அம்மணி. ஒரு வார்த்தை சொல்லல."

"அப்பறம் எப்படிங்க அந்த வார்த்தையச் சொல்றத நிறுத்துனாரு?"

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

அவள் கேட்காதது ஒன்று உண்டு. அன்று உங்கள் விளக்கத்தைக் கேட்டு அந்த அறையில் வாய்விட்டுச் சிரித்தவன் நான். நீங்கள் விளக்கத்தான் செய்தீர்கள், சிரிக்கவில்லை. பீரோ மறைத்திருந்ததால் சிரித்தது யாரென்று அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் நம்பிக்கொண்டிருக்கிறேன். ஆனால் அறையில் இருந்ததே நாம் மூவர்தான். அப்படியிருந்தும் அவள் ஏன் என்னிடம் வந்து சொன்னாள் என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.