கிருபாவின் தக்காளியும் என் குளவிகளும்

8.12.1987, செவ்வாய்
மழை விட்டுவிட்டது. கல்லூரியிலிருந்து நானும் கிருபாவும் மாடம்பாக்கத்தில் எங்கள் ஆராய்ச்சிக்கு இடம் தந்த அங்காளம்மாள் தோட்டத்துக்குப் போனோம். கிருபாவின் தக்காளி முழங்கால் உயரம் வந்துவிட்டது. காட்டுத் தக்காளியோடு மகரந்தம் சேர்த்து மூன்று வருஷமாய் அவள் உருவாக்கிய ரகம். இலை முழுக்கப் பிசுபிசுப்பான சுணை; காய்ப்புழு அண்டாது. மீறி அந்துப்பூச்சி முட்டையிட்டால் என் குளவிகள் பார்த்துக்கொள்ளும். ரவையில் பாதிகூட இல்லாத ஜீவன்கள், அந்த முட்டைக்குள்ளேயே முட்டையிட்டு அழித்துவிடும். குளவிகள் பொரிந்து வரும் அட்டைகளைச் செடிகளில் கட்டிவிட்டு, வழக்கம்போல் கிணற்றடியில் சோப்புப் போட்டுக் கை கழுவினோம்.

"புழுவுக்கு ரெண்டு பக்கமும் அடி, ஜஹீரா!" என்றாள் கிருபா. பஸ்ஸில் சிரித்த சிரிப்புக்குக் கண்டக்டர் முறைத்தார்.

14.12.1987
வரப்போரம் அங்காளம்மாள் நட்ட நாட்டுத் தக்காளியில் நூறு அந்துப்பூச்சி முட்டைக்கு அறுபத்தொன்றில் குளவி முட்டையிட்டிருக்கிறது. கிருபாவின் செடியில் ஒன்பது. லென்ஸில் பார்த்தால் குளவிகள் சுணையில் கால் ஒட்டிச் செத்துக் கிடக்கின்றன. மறுபடி எண்ணினேன். தப்பில்லை.

அங்காளம்மாள் சொன்னாள்: "இன்னா பாப்பா, நம்ம கையே ஒட்டிக்குது. அந்தப் பொடிசு எப்டி நடக்கும்?"

தினமும் தொட்டோம், தினமும் கழுவினோம். இரண்டு பேருக்கும் தோன்றவில்லையே!

15.12.1987
கிருபாவிடம் சொல்லவில்லை.

18.12.1987
சொன்னேன். "என் ரகம் தேர்வுக் குழுவுக்குப் போற நேரம். இதை இப்ப எழுதாதே," என்றாள். கணக்கை ஏற்கெனவே துறைத் தலைவர் சாரிடம் கொடுத்துவிட்டேன் என்றேன். "மூணு வருஷத்தை மூணு நாள்ல கொன்னுட்டே."

நான் என்னடீ பண்ணுவேன்? ஒன்பதை எப்படி அறுபதுன்னு எழுதுவேன்?

6.2.1988
ரகம் தேறவில்லை. கிருபா கோயம்புத்தூர் போய்விட்டாளாம். என்னிடம் சொல்லவில்லை.

23.1.1993
அங்காளம்மாள் தோட்டத்தில் மனைக்கல் நட்டிருக்கிறார்கள். வாசலில் நாலு தக்காளிச் செடி மட்டும் வைத்திருக்கிறாள். "கூட ஒண்ணு சிரிச்சிக்கினே வருமே, எங்க கீது அது?" என்று கேட்டாள். ஓர் இலையைக் கசக்கி முகர்ந்தேன். அந்தக் கிணற்றடி, அந்த சோப்பு, கிருபா என் மேல் தெளித்த தண்ணீர் எல்லாம் வந்துவிட்டன. வீடு வரைக்கும் கையைக் கழுவவில்லை.

11.7.1997, வெள்ளி
கல்லூரி முகவரிக்கு ஒரு தபால் உறை. உள்ளே தக்காளி விதை, கிருபாவின் கோணல் எழுத்து:

"பிசுபிசுப்பைப் பாதியாக் குறைச்சிருக்கேன். கொஞ்சம் முட்டை வரும். வரட்டும், உன் குளவியும் பிழைக்கணுமே. எண்ணிச் சொல்லு."

அதற்குக் கீழே ஒரு போன் நம்பர். ஒன்பது வருஷம்!

20.9.1997, சனி
கிருபாவின் விதையில் வந்த மாடித் தொட்டிச் செடிகள். நூறு முட்டையில் ஐம்பத்து நான்கில் குளவி.

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். "ஐம்பத்து நாலு," என்றேன், பெயர்கூடச் சொல்லாமல்.

"மறுபடி எண்ணினியாடீ?" என்றாள் கிருபா.