சிப்புக்குள் கொள்ளாத எண்

ஜூன் 9, திங்கள்

விடியவே கச்சான் காற்று. முற்றமெல்லாம் புழுதி. காயப்போட்ட வேட்டி பக்கத்து வளவு வேலியில்.

செய்ய வேண்டியவை: மூக்குக்கண்ணாடிக்கு ஆணி. மனைவி பாக்கியத்தின் பிரஷர் மாத்திரை. வயல் வட்டைக்குப் போய்த் தண்ணீர் அளக்கும் பெட்டியைப் பொருத்திப் பூட்டுவது.

மூன்றாவது மட்டும் நடந்தது. ஜௌபரின் மோட்டார் சைக்கிளில் நான் பின்னால், மடியில் பெட்டி. செங்கலடியிலிருந்து உன்னிச்சைக் குளத்து வாய்க்காலின் கடைசி வரை முதுகு ஒவ்வொரு குழியையும் எண்ணிக்கொண்டே போனது. ஜௌபர் ஏறாவூரில் றேடியோ, தண்ணீர் மோட்டர் திருத்துகிறவர். பெருநாள் முடிந்த கையோடு கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார், கூடவே ஒரு கிண்ணம் வட்டிலாப்பம்.

பெட்டி எளிது. வெறும் எண்ணெய்க் கான் ஒன்று தண்ணீரில் மிதக்கும். தண்ணீர் ஏறினால் அது ஏறி, ஒரு தடியைத் தூக்கி, றேடியோவின் சத்தத் திருகியைத் திருப்பும். உள்ளே இருக்கும் சின்னச் சிப் அந்தத் திருப்பத்தை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக வாசித்து, 0 முதல் 120 வரை சென்டிமீட்டராக மாற்றி, தண்ணீர் பங்கிடுகிற வட்டவிதானையின் போனுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும். உடம்பு ஜௌபருடையது, கணக்கு என்னுடையது. பென்சன் எடுத்தபின் நான் தமிழில் ஒரு சிறு கணினி மொழி செய்தேன் அல்லவா, அதில் எழுதினேன். எழுதியதைச் சிப்புக்கு விளங்கும்படி மாற்றுகிற தொகுப்பியும் என் கைவேலை.

போன சிறுபோகம் கதிர் வருகிற நேரம் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. பா.வின் சீதனக் காணி அங்கேதான். பயிர் கருகியது. தலைமடைக்காரர் திறந்தோம் என்றார்கள், கடைமடைக்காரர் வரவில்லை என்றார்கள். இரண்டு பக்கமும் சத்தியம். வட்டவிதானை தம்பிராசா யாரை நம்புவார்? அதற்குத்தான் பெட்டி. சனிக்கிழமை வாய்க்கால் கரைக்கட்டில் கூட்டம். அதுவரை வைத்துப் பார்ப்பது, பிறகு முடிவு என்றார்.

அவருடைய அளவுத்தடி 20 காட்டியது. பெட்டியும் 20. வீட்டுக்கு வந்து வட்டிலாப்பம் இரண்டு தரம்.

ஜூன் 10, செவ்வாய்

போயா, பௌர்ணமி விடுமுறை. றோட்டில் சத்தமில்லை. வாவிப் பக்கமிருந்து இறால் வந்தது, நல்ல விலை, வாங்கினோம்.

மத்தியானம் தம்பிராசாவின் போன்.

“மாஸ்டர், தண்ணி தொடையளவு நிக்கிது. ஒங்கட பெட்டி கழித்தல் நாலு எண்டு அனுப்பிரிக்கு. தண்ணி நிலத்துக்குக் கீழாலயா ஓடுது?”

பின்னால் நாலைந்து பேர் சிரித்தது கேட்டது. நானும் சிரித்தேன், மரியாதைக்கு.

பின்னேரம் மறுபடி. தடியில் 70, பெட்டியில் 6. யாரோ போனை வாங்கி, பெட்டிக்கும் நோன்பா என்று கேட்டார்.

இறால் இறங்கவில்லை. பெட்டி போவது எனக்குப் பெரிதில்லை. கடைமடைக்காரர் கொண்டுவந்த பெட்டி பொய் சொல்லியது என்று ஆகிவிட்டால், இனி அவர்கள் வாயால் சொல்வதையும் எவர் எடுப்பார்? பா. விதைநெல் மூட்டையை வெயிலில் இருந்து உள்ளே இழுத்து வைத்தாள்.

ஜூன் 11, புதன்

ஜௌ. பெட்டியைக் கழற்றிக்கொண்டு வந்தார். வயர் ஒட்டு விட்டிருக்கும் என்றேன். அவர் அப்படியிராது என்றார், ஆனாலும் ஒட்டினார். பிறகும் அதே பிழை. இன்னொரு தரம் ஒட்டச் சொன்னேன், ஒட்டினார்.

பிறகு மேசையில் வைத்துத் திருகியைக் கையால் மெல்லத் திருப்பினோம். 29, 30, 31, 32. அடுத்தது −31. பின்னால் திருப்பினால் 32. முன்னால் திருப்பினால் −31. எத்தனை தரம் செய்தாலும் அதே இடம்.

வகுப்பில் கண்டது: கவனமில்லாத பிள்ளை நாளுக்கொரு பிழை விடும். விளங்காத பிள்ளை தினமும் ஒரே பிழையை விடும். வயர் விட்டிருந்தால் பிழை இப்படி ஒழுங்காக வராது. இது கணக்கின் பிழை. அதாவது என் பிழை.

ஆனால் கணக்கை நான் சோதித்துத்தானே கொடுத்தேன்? திருகி வருமுன்னர், வாசிப்பு 512 என்று நானே எழுதி ஏற்றிப் பார்த்தேன். 60 வந்தது. இன்றும் அப்படியே ஏற்றினேன். 60. பிறகு திருகியை 512இல் வைத்தோம். −4.

ஒரே பெட்டி, ஒரே எண், ஒரே கணக்கு.

ஜௌ. திருகியிலிருந்து கையை எடுத்தார். “அப்ப உள்ளுக்க ரெண்டு வாத்தியார் இரிக்காங்க சேர்.”

தேநீர் ஆறிப்போனது.

ஜூன் 12, வியாழன்

காற்று கொஞ்சம் அடங்கல். பா. மரவள்ளி உரித்தாள். நான் எதிரே, நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கணக்கு.

கண்டுபிடித்தேன். ஜௌ. சொன்னது சரி, இரண்டு வாத்தியார்தான். ஒருவர் உள்ளே இல்லை, மேசையில் இருக்கிறார்: என் மடிக்கணினி.

முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னது: முதலில் சுருக்கு, பிறகு பிரதியிடு. அதையே தொகுப்பிக்கும் பழக்கியிருந்தேன். ஒரு கணக்கில் எல்லா எண்ணும் முன்கூட்டியே தெரிந்தால், சிப்பை வருத்தாமல் தானே செய்து விடையை மட்டும் எழுதிவிடும். நான் 512 என்று எழுதிக் கொடுத்தபோது மடிக்கணினியில் 512 × 120 = 61440, அதை 1023ஆல் வகுத்தால் 60. சிப்புக்குப் போனது வெறும் 60 மட்டும். அது ஒரு பெருக்கலும் செய்யவில்லை.

திருகியில் வருகிற எண் வாய்க்காலில்தான் தெரியும். அப்போது சிப்தான் பெருக்க வேண்டும். சின்னச் சிப். அதன் எண்ணுக்குப் பதினாறு பிட்தான் அகலம். 32767க்கு மேல் கொள்ளாது. மோட்டார் சைக்கிள் மீட்டர் 99999 தாண்டினால் சுழன்று 00000க்கு வருமே, அப்படி. இதில் சுழன்று வந்து விழுகிற இடம் −32768.

273 × 120 = 32760. கொள்ளும். விடை 32.
274 × 120 = 32880. கொள்ளாது. சுழன்று −32656. அதை 1023ஆல் வகுத்தால் −31.

அதே −31! தாளைப் பா.வுக்குக் காட்டினேன். மரவள்ளிப் பாலோடு கையை நீட்டாதே என்று தாளைத் தள்ளியும் பிடித்தேன். மடிக்கணினி பெரிய பானை, சிப் சின்னச் சிரட்டை என்று உதாரணம் தொடங்கினேன். இன்னும் இரண்டு உதாரணம் கைவசம் இருந்தது. அவள் முடிக்க விடவில்லை.

“விளங்குது. கடைமடைக் கணக்க நீங்க தலைமடையில இருந்து செஞ்சிரிக்கீங்க.”

இதைவிட நல்ல உதாரணம் எனக்கு வராது. தலைமடையில் நிற்பவனுக்கு வாய்க்கால் நிறையத் தண்ணீர். அதனால் அவன் சொல்வது பொய்யில்லை. கடைசி வயலில் எவ்வளவு என்று அவன் சொல்வதுதான் பிழை.

ஆகவே திருத்தம் இரண்டு இடத்தில். முதலில் தொகுப்பி. இனி அதற்குள் எந்த எண்ணும் வெறும் எண் இல்லை. எந்தச் சிப்புக்குரியது, எத்தனை பிட் அகலம் என்பது கூடவே ஒட்டியிருக்கும். கூட்டினாலும் பெருக்கினாலும் ஒவ்வொரு படியிலும் சிப் வெட்டுவதுபோலவே அதுவும் வெட்டும். கடைசியில் ஒரு தரம் வெட்டினால் போதாது. நடுவில் வழிந்தது நடுவிலேயே போக வேண்டும். அப்படி வழிந்தால் எனக்கு ஒரு வரி சொல்லவும் வேண்டும்: இந்தப் பெருக்கல் சிப்பில் கொள்ளாது.

பின்னேரம் வரை எழுதினேன். 512 கொடுத்துப் பார்த்தேன். −4. ஜௌபருக்குப் போன் எடுத்துச் சந்தோசமாகச் சொன்னேன்.

“சேர், சரியா இருந்ததையும் பிழையாக்கிட்டீங்களா?”

“ஓம். இப்பதான் ரெண்டு பேரும் ஒரே பிழைய விடுறாங்க.”

நாளைக்கு ஜும்மா முடிய வாறன் என்றார்.

ஜூன் 13, வெள்ளி

மூ.கண்ணாடிக்கு ஆணி போட்டாயிற்று. மாத்திரை வாங்கினேன்.

இரண்டாவது திருத்தம், கணக்கு. 120/1023. மூன்றால் சுருக்கினால் 40/341. அழகாயிருந்தது. பெருமையோடு ஆகப் பெரிய வாசிப்பு 1023ஐக் கொடுத்தேன். என் தொகுப்பி எனக்கே சொன்னது: இந்தப் பெருக்கல் சிப்பில் கொள்ளாது. உண்மைதான். 40920. பழைய தொகுப்பி என்றால் 120 என்று காட்டி என்னைத் தட்டிக்கொடுத்து அனுப்பியிருக்கும். நாளைக்கு எல்லார் முன்னிலையிலும் போயிருக்கும் மானம்.

முதலில் வகுத்துப் பிறகு பெருக்கலாமா? எட்டாம் வகுப்புப் பிழை. 512ஐ 1023ஆல் வகுத்தால் முழுஎண்ணில் பூச்சியம். வாய்க்கால் எப்போதும் வறண்டே கிடக்கும்.

பிறகு கிடைத்தது: 2/17. 1023 × 2 = 2046, பதினேழால் வகுத்தால் 120. 512க்கு 60. 274க்கு 32. மிகச் சரியில்லை, அங்கங்கே ஒரு சென்டிமீட்டர் முன்பின். வாய்க்காலில் எலி நீந்தினாலே அவ்வளவு ஆடும்.

ஜௌ. வந்தார். 0 முதல் 1023 வரை ஒவ்வொன்றையும் இரண்டு விதமாகச் செய்யவிட்டோம். தொகுப்பி மடிக்கணினியில் செய்தது ஒரு பக்கம், சிப் தானே செய்தது மறுபக்கம். ஒரு வரியும் பிசகவில்லை. திரையில் இரண்டு நிரலும் ஒன்றாக இறங்கி வந்ததைப் பார்க்க, நல்ல வகுப்பொன்று வரிசையில் போவதுபோல.

வயர் விசயத்தில் அவரை வருத்தியதற்கு ஒரு சொல் சொன்னேன். மூன்று தரம் ஒட்டியதால் இனி வெள்ளம் வந்தாலும் கழலாது என்றார்.

தசம எண்கள் பாக்கி. மடிக்கணினியின் தசமம் நீளம், சிப்பினுடையது கட்டை. அங்கேயும் இதே தொல்லை ஒளிந்திருக்கும். இருக்கட்டும். எங்கே பார்க்க வேண்டும் என்று இப்போது தெரியும்.

ஜூன் 14, சனி

வானம் வெளிப்பு. காலையிலேயே வெயில். பா.வும் வருவேன் என்றாள். பஸ்ஸில் போனோம், மிச்சத்தை நடந்தோம்.

வாய்க்கால் கட்டில் ஆட்கள். தலைமடைக்காரரும் நாலு பேர், வேடிக்கை பார்க்க. ஒருவர் என்னைக் கண்டதும், கழித்தல் மாஸ்டர் வாறார் என்றார். வணக்கம் சொன்னேன். என்னிடம் படித்தவர்தான், கழித்தல் அன்றும் பிடிக்காது.

ஜௌ. பெட்டியைப் பூட்டினார். 14. தம்பிராசா தடியை இறக்கினார். 14.

“மாஸ்டர், தண்ணி ஏறினா?”

“ஏறும்.”

அவர் பிறகும் பெட்டியையே பார்த்தார். பிறகு தலைமடைக்குப் போன். அந்தப் பக்கம் திறந்தாயிற்று, வாய்க்கால் நிறைய ஓடுகிறது என்கிற குரல் எங்களுக்கும் கேட்டது.

“அங்க நிறைய ஓடும். கடையில பதினாலு நிக்கிது, பெட்டி சொல்லுது. இன்னொரு மதகுப் பலகையத் தூக்கு.”

மருத மர நிழலில் காத்திருந்தோம். பா. கொண்டுவந்த சோற்றை எல்லாருமாய்ச் சாப்பிட்டோம். வெயில் உச்சிக்கு வந்தபோது வாய்க்காலில் சருகு மிதந்து வந்தது. பிறகு கலங்கல். ஆட்கள் எழும்பிப் பெட்டியைச் சுற்றினார்கள்.

28. 30. 31.

32இல் வெகுநேரம் நின்றது, அல்லது எனக்கு அப்படி. ஜௌ. வாய்க்குள் ஏதோ ஓதினார். நான் வயலில் நின்ற கொக்கைப் பார்த்தேன்.

33 என்று யாரோ சொன்னார்கள்.

பிறகு 40. பிறகு 47. தம்பிராசா தடியை இறக்கவில்லை. அதைக் கரைமேல் கிடத்திவிட்டு, போகம் முடியுமட்டும் பெட்டி கிடக்கட்டும், ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்றார். கழித்தல் மாஸ்டர் என்ற தலைமடைக்காரர், தங்கள் பக்கமும் ஒன்று வைத்தால் என்ன என்று ஜௌபரைத் தனியாகக் கேட்டார்.

நான் அவருக்கு 2/17 எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். திரும்பிப் பார்த்தால் பா. இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, யாரிடமோ மண்வெட்டி வாங்கி, எங்கள் வயல் வரம்பில் வக்கடை வெட்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அவள் காலைச் சுற்றி உள்ளே போனது.