திரையில் வந்த திட்டு

சிங்கப்பூர், 12.8.1987

அம்மாவுக்கு மதுரைவீரன் வணங்கி எழுதுவது. எனக்குச் சாப்பாட்டில் குறையில்லை. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? குரும்பலூரில் மழை பெய்ததா?

எங்கள் கம்பெனியில் நாங்கள் கம்ப்யூட்டரில் உருவாக்கும் விளையாட்டில் ஒரு பொம்மை ஓடும். அது சுவருக்குள் புகக் கூடாது. புகுந்தால் ஆட்டத்தை நிறுத்தி, நான் எழுதிய கட்டளைகளில் தப்பு எந்த வரியில் என்று திரையில் காட்ட நானே ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். எனக்கு மட்டும்தானே புரியும் என்று, கூடவே நீ திட்டுவதையும் இங்கிலீஷ் எழுத்தில் போட்டுவைத்தேன்: "கண்ணு பொடனியிலயாடா இருக்கு?"

போன வாரம், விளையாட்டை விலைக்கு வாங்க வந்தவர்கள் முன்னால் பொம்மை சுவருக்குள் போய்விட்டது. திரையில் உன் திட்டு. இது என்ன பாஷை என்று கேட்டார்கள்.

"எங்கம்மா சார்" என்றேன்.

தப்பான வரி தெரிந்ததால், அவர்கள் டீ குடித்து முடிப்பதற்குள் சரிசெய்துவிட்டேன். வேலைக்கு ஆபத்தில்லை. திட்டை மட்டும் முதலாளி எடுக்கச் சொல்லிவிட்டார். இப்போது வெறும் வரி எண்தான் வருகிறது.

சிறுவாச்சூர் கோயில் குங்குமம் கொஞ்சம் அனுப்பு. தபால் எடுக்கும் நேரமாகிவிட்டது. உனக்காகக் கடிதம் எழுதும் தம்பி பழனிவேலிடம் ஒன்று சொல். நீ சொல்வதையெல்லாம் அவன் "அனைவரும் நலம்" என்று சுருக்க வேண்டாம். திட்டினால், திட்டினபடியே எழுதட்டும்.

மதுரைவீரன்