அம்பு இல்லாத குகை

மார்ச் 3, திங்கள்

இன்று சுவரில் இருக்கும் போட்டோக்களைத் துடைத்தேன். வழக்கம்போல் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டேதான் துடைத்தேன். மூத்த பேரன் மாட்டு டாக்டர். தோள்வரை கையை உள்ளே விட்டுக் கன்றை உயிரோடு இழுத்துப் போட்டவன், பட்டம் வாங்கிய அங்கியோடு நிற்கிறான். அடுத்தவன் கப்பலில் இன்ஜின் பார்க்கிறான். தோளில் இரண்டு கோடு, அடுத்த வருஷம் மூன்றாம். மகள் வயிற்றுப் பேத்தி நீச்சலில் ஏழு மெடல் வாங்கியவள். ஏழையும் ஒன்றாக மாட்டிக்கொண்டு எடுத்த போட்டோவில் கழுத்தே தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் பிறந்த இரட்டையரில் ஒருத்தி வக்கீல். இன்னொருத்தி கணக்கு டீச்சர், வீட்டில் அந்த வக்கீலையே வாதாடித் தோற்கடிப்பவள்.

கடைசியில் சுண்டெலி. என் மகனுக்கு ஒரே பெண். இருபத்தொன்பது வயதாகிறது, சுவரில் மட்டும் இன்னும் ஏழு வயது. இடது கையில் மாவுக்கட்டு, முன்பல் இரண்டும் இல்லை. புது போட்டோ கேட்டால், "ஏதாவது சாதிச்சதும் அனுப்புறேன் பாட்டி" என்பாள். மூன்று வருஷமாக இதே சாக்கு. போனில் வேண்டுமானால் அனுப்புவாளாம். போனில் வருவது ஆணியில் தொங்குமா?

மருமகள் எட்டிப் பார்த்துக் கேட்டாள்: "சுவத்தைத் துடைக்கிறீங்களா அத்தை, இல்ல சபைக்கு அறிமுகம் பண்றீங்களா?"

இரண்டும்தான்.

மார்ச் 9, ஞாயிறு

சுண்டெலி வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். இரண்டு வாரம் இருப்பேன். ஐந்தாவது மாடி. வீட்டில் நாற்காலி ஒன்று, டிவி இரண்டு.

அவள் வேலை என்னவென்று இன்றுதான் சரியாகப் புரிந்தது. அவள் கையில் கட்டுப் போட்டிருந்தபோது நாங்கள் ஆடிய அந்தக் குகை விளையாட்டைத்தான் அவள் கம்பெனி மறுபடி செய்கிறதாம். கழுத்தில் சிவப்புத் துண்டு கட்டிய ஒருத்தன், பாழடைந்த கோட்டைக்கு அடியில் குகை குகையாக இறங்கித் தொலைந்துபோன தங்கையைத் தேடுவானே, அதே விளையாட்டு. அதில் முதல் குகை முழுக்க என் பேத்தியின் பொறுப்பு. முதல் குகை! வாசல் மாதிரி.

"பழசைத் தூசி தட்டி விக்கிறதா?" என்றேன்.

"தூசி தட்றதில்ல பாட்டி. அஸ்திவாரத்துலேர்ந்து புதுசாக் கட்டணும். ஆனா உள்ள வர்றவங்களுக்குத் தன்னோட பழைய வீட்டுக்குள்ள வந்த மாதிரி இருக்கணும்."

அந்த ஆறு வாரத்தை மறக்க முடியுமா. அவளுக்கு ஒரு கைதான். விளையாட்டுப் பெட்டியின் பிடிக்கோ இரண்டு கை வேண்டும். வீட்டில் பகலில் இருந்தவள் நான் ஒருத்தி. ஆகவே நான் இடது கை, அவள் வலது கை. இடது பக்கப் பொத்தான் நடக்க, வலது பக்கப் பொத்தான் குதிக்க. எங்கே போவது என்று நான் பார்ப்பேன், எப்போது குதிப்பது என்று அவள் பார்ப்பாள். ஒரே பிடியை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு ஒட்டி உட்கார்ந்திருப்போம். அந்த விளையாட்டில் எழுத்தே கிடையாது, அதனால்தான் என்னால் ஆட முடிந்தது. ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு எழுத்துக் கூட்டத்தான் வரும், ஓட வராது; இந்த டைரிப் பக்கத்துக்கே பாதி ராத்திரி ஆகிறது.

மார்ச் 12, புதன்

பெரிய காரியம் செய்துவிட்டேன்!

சுண்டெலிக்குச் சாப்பாடு கொண்டுபோய் அவள் ஆபீஸ் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு மேலதிகாரி ஒருவர் வந்தார். முகத்தை விடப் பெரிய கண்ணாடி போட்டிருந்தார். விளையாட்டே தெரியாதவர்களைக் கூப்பிட்டு ஆடவிட்டுப் பார்க்கிறார்களாம், இன்றைக்கு வர வேண்டிய ஒருவர் வரவில்லையாம்.

"வீடியோ கேம் ஆடியிருக்கீங்களாம்மா?"

"இடது கை மட்டும் ஆடியிருக்கு."

அவர் தலையாட்டிக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். புரியவில்லை போலும்.

ஒரு சோபா, ஒரு டிவி, என் முகத்தைப் படம் பிடிக்க ஒரு கேமரா. முதல் குகை! துண்டுக்காரன் நிஜ மனுஷன் மாதிரி மூச்சு விடுகிறான். திரையில் ஏதேதோ எழுத்து வந்தது. 'பாறையின் விளிம்பை' என்று நான் கூட்டுவதற்குள் போய்விட்டது. போனால் போகட்டும், ஒரு மஞ்சள் அம்பு வழி காட்டியது. அது போன பக்கம் போனேன், பொத்தானை அழுத்து என்றபோது அழுத்தினேன். இருபது நிமிஷம். ஒரு தடவைகூடச் சாகவில்லை.

பிறகு ஒரு தாள் கொடுத்தார்கள். பன்னிரண்டு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் அழுத முகத்திலிருந்து சிரித்த முகம்வரை ஐந்து முகம். என் பேத்தி செய்ததற்கு நான் அழுத முகம் போடுவேனா? பன்னிரண்டும் சிரித்த முகம். எது உதவியாக இருந்தது என்ற கேள்விக்கு அழகாக எழுதினேன்: 'அம்பு. எழுத்துகளும் மிக நன்று.'

மார்ச் 13, வியாழன்

யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது.

சுண்டெலி வந்து பையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது.

"பாட்டி, அந்த அம்பை எடுக்கணும்னுதான் நான் ஆறு மாசமா சண்டை போட்டுட்டிருக்கேன்."

"உன் வேலைன்னு நினைச்சேண்டி!"

"குகை என்னுது. அம்பும் எழுத்தும் கண்ணாடிக்காரர் போடச் சொன்னது. அம்பு இல்லன்னா இந்தக் காலத்து ஆளுங்க பத்து நிமிஷத்துல விட்டுட்டுப் போயிடுவாங்கன்னு அவருக்குப் பயம். இன்னிக்கு மீட்டிங்ல உன் தாளைப் படிச்சுக் காட்டினார். 'கேமே தெரியாத எழுபத்துமூணு வயசு அம்மா, ஒரு தடவை சாகாம முடிச்சிருக்காங்க, நூத்துக்கு நூறு குடுத்திருக்காங்க'ன்னு."

செவ்வாய்க்கிழமை முடிவு எடுக்கிறார்களாம். அம்பு இருப்பது என்றானால் முதல் குகை வேறு ஆளிடம் போய்விடும். இவள் ஒத்துழைக்க மாட்டேன் என்கிறாளாம், பிடிவாதக்காரியாம்.

"நான் வந்து பொய் சொல்லிட்டேன்னு சொல்றேன்."

"வேண்டாம் பாட்டி. பேத்திக்காக மாத்திச் சொல்றாங்கன்னுதான் நினைப்பாங்க."

அதுவும் சரிதானே. நான் என்ன சொன்னாலும் இனி யார் நம்புவார்கள்? நான் பெருமை பேசிப் பேசியே என் வார்த்தைக்கு எடை இல்லாமல் போய்விட்டதா? காக்கைக்குத் தன் குஞ்சு பொன் குஞ்சு — சரி, பொன்னாகவே இருக்கட்டும், உரசிப் பார்க்காத பொன்னை எவன் வாங்குவான்?

மார்ச் 15, சனி

குகையை மனதில் ஓட்டிப் பார்த்தேன். புதன்கிழமை ஆடியது. ஒன்றும் நினைவில் இல்லை. சுவர் என்ன நிறம்? தெரியாது. தண்ணீர் எந்தப் பக்கம்? தெரியாது. அம்பு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

பழைய குகையை ஓட்டினேன். இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு கல் விடாமல் வருகிறது.

அட, அந்த அம்பு செய்வது என் வேலையல்லவா! எங்கே போவது என்று பார்ப்பது இடது கை. அந்த இடது கையைப் பிடுங்கி எறிந்துவிட்டு வலது கையை மட்டும் ஆடச் சொல்கிறார்கள்.

மார்ச் 17, திங்கள்

சுண்டெலியிடம் சொல்லாமல் போனேன். கண்ணாடிக்காரர் தேநீர்க் கோப்பையோடு வந்தார்.

"என் தாள் தப்புங்க" என்றேன்.

"பேத்தி சொல்லி அனுப்பினாங்களா?" என்று சிரித்தார். கெட்ட சிரிப்பில்லை.

"அவளுக்குத் தெரியாது. நீங்க என்னை நம்ப வேண்டாம். அந்தக் குகையைப் பத்தி ஏதாவது கேள்வி கேளுங்க, அது போதும்."

கேட்டார். வாசலில் எத்தனை சிலை? தெரியாது. பாலத்துக்குக் கீழே என்ன? பாலம் இருந்ததா? அவர் சிரிப்பு கொஞ்சம் குறைந்தது.

"இப்போ பழைய குகையைக் கேளுங்க" என்றேன். அவர் கேட்கும்வரை எனக்குப் பொறுக்கவில்லை, நானே சொல்ல ஆரம்பித்தேன். வாசலில் தலை இல்லாத சிலை இரண்டு. மூன்றாவது கல்லில் கால் வைத்தால் ஆடும். வலது சுவரில் மட்டும் பாசி, ஏனென்றால் அந்தப் பக்கம் தண்ணீர் சொட்டும். வௌவால் பறந்து போகிற ஓட்டைதான் வழி. அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு நான்கு நாள் ஆயிற்று. நான்காம் நாள் நாங்கள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "ஆனா நீங்க எழுத்து நன்றுன்னு எழுதியிருக்கீங்களேம்மா?"

இதைத்தான் மறைத்து வைத்திருந்தேன். ஐம்பது வருஷமாக யாரிடமும் சொன்னதில்லை. பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்து ஒப்பேற்றிவிடுவேன்.

"நான் அஞ்சாங்கிளாஸ். எழுத்து என்னைவிட வேகமாப் போச்சு. ஒண்ணையும் முழுசாப் படிக்கலை. வெக்கத்துல நல்லாயிருக்குன்னு எழுதிட்டேன்."

அவர் என்னை உள்ளே கூட்டிப்போனார். அதே சோபாவில் உட்கார வைத்து, அம்பும் எழுத்தும் இல்லாத குகையைப் போட்டார்.

பதினோரு முறை செத்தேன். ஒருமுறை துண்டுக்காரனை "கண்ணு எங்கடா வச்சிருக்கே" என்று திட்டினேன், அவனை நடத்துவது நான்தான் என்பது பிறகுதான் உறைத்தது. கண்ணாடிக்காரர் இரண்டு தரம் வாயைத் திறந்தார், நான் கையைக் காட்டி அடக்கினேன். ஐம்பது நிமிஷம் கழித்து வௌவால் பறந்தது — புது வௌவால், புது ஓட்டை, வேறு இடத்தில் வைத்திருக்கிறாள் திருட்டுச் சுண்டெலி — நான் போட்ட சத்தத்தில் வெளியே பத்துப் பேர் எழுந்து நின்றார்களாம். அவர்களில் ஒருத்தி என் பேத்தி.

தாள் கொடுத்தார்கள். இந்த முறை நேர்மையாகப் போட்டேன். சிரித்த முகம் எட்டு. மூன்றாவது கல் ஒரே இருட்டு, கண் தெரியவில்லை: அழுத முகம். தண்ணீர்ச் சத்தம் எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை: அழுத முகம். இன்னும் இரண்டு சுமாரான முகம்.

சுண்டெலி தாளை வாங்கிப் பார்த்தாள். "அழுத முகம் போட்டிருக்கே பாட்டி?" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் என்னைப் பார்த்ததே இல்லை.

மார்ச் 18, செவ்வாய்

மீட்டிங் இன்னும் முடியவில்லையாம். நான்கு தரம் காய் நறுக்கிவிட்டேன். யார் சாப்பிடுவது?

மார்ச் 19, புதன்

அம்பு போயிற்று! அடியோடு அல்ல. வேண்டுபவர்கள் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், மூக்குக்கண்ணாடி மாதிரி. வேண்டாதவர்களை அது தொந்தரவு செய்யாது. எழுத்து இருக்குமாம். முதல் குகை சுண்டெலியிடமே. "அந்த மூணாவது கல்லுக்கு மட்டும் கொஞ்சம் வெளிச்சம் குடுங்க, உங்க பாட்டி திட்டுவாங்க" என்றாராம் கண்ணாடிக்காரர்.

நல்ல மனுஷன். பயந்தவன், அவ்வளவுதான்.

நவம்பர் 6, வியாழன்

விளையாட்டு இன்று வெளியே வந்தது. மகன் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

நவம்பர் 9, ஞாயிறு

மகன் மூன்று நாளாக முதல் குகையை விட்டு வெளியே வரவில்லை. "அம்மா, ஒரு சின்னக் குறிப்பு குடும்மா" என்று கெஞ்சுகிறான். மருமகள், "உங்க பொண்ணு கட்டின வீட்டுல உங்களுக்கே வழி தெரியலையா?" என்று கேட்டுவிட்டுப் போகிறாள். அம்பைப் போட்டுக்கொள்ளடா என்றால் ரோஷம் வருகிறது. நான் வாய் திறக்கவில்லை.

மத்தியானம் அவன் தூங்கினான். பிடியை நான் எடுத்தேன். இரண்டு கையும் என்னுடையதே, கொஞ்சம் தடுமாறியது. வாசலில் எழுத்து வந்தது. போய்விடும் என்று அவசரமாகக் கூட்டினேன். போகவில்லை. நின்றது. ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, முழு வரியையும் படித்து, பொத்தானை அழுத்திய பிறகுதான் நகர்ந்தது. அடுத்ததும் அப்படியே. யாருக்காக இப்படிச் செய்தார்கள் என்று எவரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டுமா என்ன.

முதல் குகை முடிந்ததும் வேலை செய்தவர்களின் பெயர் வரிசையாக ஏறியது. 'முதல் குகை' என்று போட்டு அவள் பெயர். வாய்விட்டுப் படித்தேன், இரண்டு தரம்.

நவம்பர் 10, திங்கள்

சுண்டெலிக்குக் கடிதம் எழுதித் தபாலில் போட்டேன். எழுதியது இவ்வளவுதான்:

'கட்டுப் போட்ட போட்டோவை எடுக்க மாட்டேன். அது என் வலது கை. அதன் பக்கத்தில் ஒரு ஆணி அடித்துவிட்டேன். இனி உனக்குச் சாக்கு இல்லை. புது போட்டோ ஒன்று தபாலில் அனுப்பு. சிரித்த முகம்தான் வேண்டும்.'