இடப்பக்கத்துக் கீறல்கள்

மச்சான்,

இன்று மத்தியானம் உன் மகள் ஒரு பையோடு வந்தாள். அம்மா வீடு மாறுகிறாளாம். பையை மேசையில் வைத்து, கார்ச் சாவியையும் பக்கத்திலே போட்டுவிட்டுக் கோப்பி போடக் குசினிக்குள் போனாள். பைக்குள் உன் ஸ்கோப் இருந்தது, துவக்கில் பூட்டிக் குறிபார்க்கும் கண்ணாடி. ரப்பர் விளிம்பு உன் கண் பட்டே தேய்ந்திருக்கிறது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அதன் வளையத்தைத் திருகுவதும் யன்னலுக்குப் போவதும் சாவியைப் பார்ப்பதுமாக நின்றேன்.

தொண்ணூறுகளில் நான் வியா மக்வேதா வீதிக்குப் பின்னாலிருந்த வேட்டைச் சாமான் கடையில் வேலை செய்தேன். நீ சிசிலிக்காரியைக் கட்டி, பிரஜாவுரிமை எடுத்து, மாமனாரோடு மலைக்குப் பின்னால் போய் காகித அட்டைக்குக் குறிவைத்துச் சுடப் பழகியிருந்தாய். துவக்குக்குப் பயந்து ஓடி வந்தவன் துவக்கோடு திரிகிறான் என்று எங்கள் ஆட்கள் கதைத்தார்கள். "அட்டை திருப்பிச் சுடாது மச்சான்" என்றாய். 

கடைக்கு வந்தால் உனக்கும் எனக்கும் ஒரே சண்டை. பிரீமோவா, செக்கொந்தோவா? பிரீமோ என்றால் குறிக்கோடு முதல் குவியத்தளத்தில் இருக்கும்; காட்சியைப் பெரிதாக்கும்போது கோடும் சேர்ந்து தடிக்கும், சிறிதாக்கினால் மெலியும். எந்த அளவில் வைத்தாலும், கோட்டில் தூரம் அளக்கும் கீறல்களின் கணக்குச் சரியாக இருக்கும். செக்கொந்தோவில், அதாவது இரண்டாம் தளத்தில், கோடு எப்போதும் ஒரே தடிப்பு. ஆனால் ஒரேயொரு அளவில், பெரும்பாலும் முழுசாகப் பெரிதாக்கினால்தான், கணக்குச் சரிவரும். அமெரிக்கக் கண்ணாடிகள் அப்படி வரத் தொடங்கிய காலம். நீ பிரீமோவை விட்டு அசையமாட்டாய். "இஞ்சத்தை வெயிலுக்குக் கல்லு எல்லாம் கொதிச்சு அலையடிக்கும். பெரிசாக்கினால் ஒண்டும் தெரியாது, குறைச்சுத்தான் பார்க்கவேணும். அப்ப செக்கொந்தோ பொய் சொல்லும்" என்பாய். எத்தனை வாடிக்கையாளரை என்னிடமிருந்து கலைத்திருப்பாய்.

அப்படிப்பட்ட நீ ஒரு நாள் வந்து, "எனக்கு ஒரு செக்கொந்தோ எடு" என்றாய்.

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. என்ரை பிரீமோவிலை கோடு நல்லா மெலிஞ்சு போகுது."

உன் கண்ணாடியை வாங்கிப் பார்த்தேன்; கோடு எப்போதும் போலத்தான் இருந்தது.  கடைசியாக வந்த செக்கொந்தோக் கண்ணாடியை எடுத்துத் தந்தேன். வாசலில் நின்று எதிர்வீட்டு பால்கனியைப் பார்த்தாய். "சோக்கா இருக்கு" என்றாய்.

"இடப்பக்கம் எத்தினை கீறல்?"

"ஐஞ்சு." யோசிக்கவே இல்லை.

ஐந்து உன் பழைய கண்ணாடியில். இதில் நாலு. நீ பார்த்துச் சொல்லவில்லை, பழக்கத்தில் சொன்னாய்.

நீ அப்போது ஊருக்கு வெளியே சியாகுல்லித் தோட்டத்து லொறி ஓட்டினாய். விடிய மந்தரின் தோடம்பழத்தை ஏற்றிக்கொண்டு வந்து, அதே லொறியில் மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவாய். அந்தத் தோட்டத்து ரோட்டில் இரண்டு பக்கமும் மதில், எதிரே வாகனம் வந்தால் ஒதுங்க இடமில்லை.

"உன்ரை கண் போகுது. பிள்ளையை ஏத்திக்கொண்டு ஓடுறாய்" என்றேன்.

"வாயைப் பொத்து. லொறியை விட்டால் வீட்டிலை எல்லாரும் என்னத்தைத் தின்னுறது?" கண்ணாடியை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாய்.

அந்த நாட்கள் எனக்கு நரகம். தெருவில் ஹோர்ன் அடித்தால் வாசலுக்கு ஓடுவேன். உன் மனைவியிடம் சொல்லுவோமா என்று ஸ்தாசியோனே ரயில் நிலையம் வரை நடந்து, உங்கள் பக்கத்து பஸ்ஸில் ஏறாமல் திரும்பினேன். உன்மேல் கோபம், அதைவிடப் பயம்.

பிறகு ஒரு பின்னேரம் வந்தாய். லொறிச் சாவியை என் முன்னால் வைத்தாய். "நீ கொண்டுபோய்த் தோட்டத்திலை குடு. நான் போனால் திரும்ப எடுத்துப்போடுவன்." டாக்டரிடம் போயிருந்தாய். விழித்திரை வியாதி, நடுப்பார்வை மெல்ல மெல்லப் போகும். பிள்ளைக்கும் வரலாம் என்றாராம். அதைச் சொல்லும்போதுதான் உன் குரல் உடைந்தது.

துவக்கை விற்றாய். ஆனால் அந்த செக்கொந்தோவை வாங்கினாய்.

"கீறல் தெரியாதே, உனக்கு எதுக்கு?"

"தடிச்ச கோடு தெரியுது. பால்கனியிலை இருந்து பிள்ளை வாறதைப் பார்க்க இது போதும்."

அதன் பிறகு தோட்டத்தில் பழம் பிடுங்கினாய். கைக்கெட்டும் தூரத்துக்குப் பார்வை போதும் என்று சிரித்தாய். கடைசிவரை சிரித்துக்கொண்டுதான் இருந்தாய், எனக்குத்தான் அமைதி இல்லை. இப்போதும் உன் மகள் கார் எடுக்கும் ஒவ்வொரு முறையும் டாக்டர் சொன்னது எனக்கு நினைவு வருகிறது.

கோப்பி குடித்து முடித்துச் சாவிக்குக் கை நீட்டினாள். நான் முந்திக்கொண்டு அதை எடுத்து, ஸ்கோப்பை அவள் கையில் கொடுத்தேன். "இதாலை ஒருக்கா வெளியிலை பார், பிள்ளை. கோட்டிலை இடப்பக்கம் எத்தினை கீறல்?"

"கே ஸ்திரானோ, மாமா", இதென்ன விசித்திரம் என்று சிரித்தாள். ஆனாலும் பார்த்தாள். அவசரப்படவில்லை. உதடு அசைய எண்ணினாள்.

"குவாத்ரோ. நாலு."

சாவியைக் கொடுத்தேன், மச்சான்.